குறிச்சுக்கிட்டேன்

அவர் பெயரை எழுத மாட்டேன். ஏற்கெனவே ஒருமுறை எழுதாமல் விட்டதன் பலனை இன்னும் அனுபவித்துக்கொண்டிருக்கிறேன். அதே தப்பை மறுபடியும் செய்கிறேன் என்றால் உள்ளே அந்தச் சூடு இன்னும் ஆறவில்லை என்று அர்த்தம். 'அவள்' என்று எழுதத்தான் கை போகிறது. ஆனாலும் 'அவர்' என்றே எழுதுகிறேன். மரியாதை பாதி, பயம் பாதி.

எண்பதுகளின் கடைசியில், தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி போகிற ரோட்டில், மாங்கூழ் தயாரிக்கும் ஃபேக்டரி ஒன்றில் நாங்கள் இரண்டு பேரும் வேலை பார்த்தோம். நான் கேட்டில், எடை மேடை கிளார்க். அவர் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். பாப்பாரப்பட்டியிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவார். என்னைவிட மூன்று நான்கு வயது மூத்தவர். நான் 'அக்கா' என்பேன், அவர் 'தம்பி' என்பார். ஒல்லியான உடம்பு, கஞ்சி போட்ட காட்டன் புடவை, தோளில் ஒரு ரெக்ஸின் பை. பைக்குள் நீலப் பேனா ஒன்று, சிவப்புப் பேனா ஒன்று. நீலம் எழுதுவதற்கு. சிவப்பு எதற்கு என்று எனக்கு ரொம்ப நாள் தெரியாது.

அவர் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. யாராவது ஒரு சொல் கூடுதலாகப் பேசிவிட்டால் முகம்கூட மாறாது. பக்கத்தில் இருக்கிற நான்தான் பதறுவேன்.

"விடுங்கக்கா, கோவப்படாதீங்க."

"நான் என்னாத்துக்குத் தம்பி கோவப்படறேன். குறிச்சுக்கிட்டேன், அவ்வளவுதான்."

இதை முதல் தடவை கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பஸ் கண்டக்டர் விஷயத்தைக் கேட்ட பிறகு வரவில்லை. ஒருநாள் காலை பாப்பாரப்பட்டியில் இவர் கை காட்டியும் அந்தக் கண்டக்டர் விசில் கொடுத்து வண்டியை விட்டுவிட்டார். மறுநாளிலிருந்து இவர் அதே இடத்தில் நின்று அதே பஸ்ஸுக்குக் கை காட்டுவார். பஸ் நிற்கும். "இல்லீங்க, நீங்க போங்க, நான் அடுத்ததுல வரேன்" என்பார். மறுநாளும் அப்படியே. நிறுத்தாமலும் போக முடியாது, ஸ்டாப்பில் வேறு ஆட்களும் நிற்பார்கள். இவர் கடைசியாக வந்து, படிக்கட்டில் ஒரு கால் வைத்து, பிறகு எடுத்துக்கொள்வார். டிரைவர் கண்டக்டரைத் திட்ட ஆரம்பித்தார். பன்னிரண்டாம் நாள் கண்டக்டர் கீழே இறங்கி, "தெரியாம பண்ணிட்டேம்மா, ஏறுங்க" என்றார். அதற்குப் பிறகுதான் ஏறினார். இந்தப் பன்னிரண்டு நாளும் தாமதமாக வந்ததற்காகச் சாயங்காலம் அரை மணி நேரம் கூடுதலாக உட்கார்ந்து வேலை பார்த்தார். எனக்கு இதைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. "ஏழு பத்துக்கு விட்டுட்டுப் போனாரு. மன்னிப்புக் கேட்டதும் ஏழு பத்துக்குத்தான்" என்றார்.

இன்னொன்றும் சொல்லியிருக்கிறார். அவருடைய அத்தை ஒருத்தி, பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால், "பொண்ணு நெறந்தான் கொஞ்சம் மட்டு" என்று சொல்லிவிட்டாளாம். அன்றிலிருந்து அத்தை வூட்டுக்கு எந்த விசேஷத்துக்குப் போனாலும் கையில் ஒரு கூஜாத் தண்ணீர். எல்லாரும் பார்க்க அதைத் திறந்து குடிப்பார். அத்தை படுக்கையில் விழுந்தபோது பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டவரும் இவர்தான். மருந்து கொடுத்தார், துணி மாற்றினார். தாகம் எடுத்தால் கூஜாவைத் திறந்துகொண்டார். அத்தை கடைசியில் கையைப் பிடித்து அழுதாளாம். "அப்போ அந்த வூட்டுத் தண்ணி குடிச்சீங்களாக்கா?" என்று கேட்டேன். "ஒரு டம்ளர்" என்றார்.

இப்படிப்பட்டவர் கையில்தான் ஃபேக்டரி ஒரு நோட்டைக் கொடுத்தது. லாக் புக்.

அந்த வருஷம் மாங்காய் சீசனுக்கு முன்னால் பெங்களூரிலிருந்து கம்ப்யூட்டர் வந்து இறங்கியது. அதற்கு முன்பு அவர் டைப்பிஸ்ட். ஒரு மாத டிரெயினிங் கொடுத்து ஆபரேட்டர் ஆக்கினார்கள். யூனிக்ஸ் வகை சிஸ்டம். பெட்டி ஒன்றுதான், ஆனால் ஒரே நேரத்தில் நாலு இடத்தில் உட்கார்ந்து வேலை செய்யலாம். எடை மேடையில் என்னிடம் ஒரு டெர்மினல், லேபில் கெமிஸ்டிடம் ஒரு டெர்மினல், ஆபீஸில் இரண்டு. அவர் இருந்த அறைக்கு மட்டும் ஏசி. செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும்.

மெஷினைப் பொருத்திக்கொடுத்த இன்ஜினியர் பெங்களூர்க்காரர், டை கட்டியவர். முதல் நாள் எங்களையெல்லாம் அறையில் நிற்க வைத்து விளக்கினார். அக்கா ஏதோ சந்தேகம் கேட்டார். இன்ஜினியர் மேனேஜரைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டிவிட்டு, "அம்மா, இது மிக்ஸி இல்ல. திருகினா சட்னி வராது" என்றார். மேனேஜர் சிரித்தார். அறையே சிரித்தது. அலமாரியில் தடித்தடியாக நாலு மேனுவல் இருந்தது. "அதெல்லாம் உங்களுக்குப் புரியாது, பூட்டி வச்சிடுங்க. மெஷின் நின்னா நோட்ல டயம் எழுதுங்க, போதும்" என்றார்.

அக்கா எழுதினார். ஆனால் டயத்தோடு நிறுத்தவில்லை. நான் ஒருமுறை அவர் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தேன். 'காலை 10.40. கேட் டெர்மினல் நின்றது. லேபில் கெமிஸ்ட் அடித்துக்கொண்டிருந்தார். ஆபீஸில் யாரும் இல்லை. 10.55. மேனேஜர் வந்தார். பொம்பளைங்க கையில கொடுத்தா இப்படித்தான் என்றார். 11.05. சரியானது.' மெஷின் செய்த தப்பும் மனுஷன் பேசின பேச்சும் ஒரே நீல மையில், ஒரே கையெழுத்தில், அடுத்தடுத்த வரியில் இருந்தது.

"அக்கா, இதையெல்லாமா எழுதறது?"

"நடந்ததை எழுதச் சொன்னாங்க. நடந்துச்சு, எழுதறேன்."

மேனுவலையும் படித்தார். பூட்டி வை என்று சொல்லாமல் இருந்திருந்தால் அவர் அதைத் தொட்டிருக்கவே மாட்டார், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தினம் இரண்டு பக்கம். பக்கத்தில் ஒரு பழைய ஆங்கிலத் தமிழ் அகராதி. சாப்பாட்டு நேரத்தில் ஒரு கையில் எலுமிச்சை சாதம், இன்னொரு கையில் பென்சில்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். அவரைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன், ஆனால் என் வயிற்றெரிச்சலைச் சொல்லாமல் அவரைச் சொல்ல முடியாது.

மே மாதம் பிறந்ததும் லோடு வர ஆரம்பித்தது. பெங்களூரா ரக மாங்காய் ஏற்றிய டிராக்டரும் லாரியும் காலை எட்டு மணிக்கே ரோடு வரைக்கும் நிற்கும். லோடு மேடையில் ஏறியதும் மொத்த எடையை டெர்மினலில் அடிப்பேன். வண்டி உள்ளே போய்க் காயைக் கொட்டும். அதே நேரத்தில் லேபில் கெமிஸ்ட் அந்த லோடின் சாம்பிளைப் பார்த்து இனிப்பு அளவை அடிப்பார். காலி வண்டி திரும்பி வந்ததும் மறுபடி எடை, சீட்டு வரும். இதுதான் ஒழுங்கு. கூட்டம் இல்லாத நாளில் இது தண்ணீராக ஓடும். கூட்டம் வந்தால் என் டெர்மினல் நட்டநடுவில் நின்றுவிடும். நான் அடித்த மொத்த எடை உள்ளே போயிருக்காது. வண்டியோ அதற்குள் காயைக் கொட்டிவிட்டிருக்கும். மறுபடி எடை போட எதுவும் மிஞ்சாது.

அதனால் ஒவ்வொரு லோடின் எடையையும் உள்ளங்கையில் பேனாவால் எழுதிவைக்க ஆரம்பித்தேன். வேர்வையில் அது அழியும். ஏழா ஒன்றா என்று எனக்கே தெரியாது. சீட்டில் ஒன்று இருக்கும், தோட்டக்காரர் ஊரில் போட்ட எடை வேறொன்றாக இருக்கும். சண்டை வராமல் என்ன செய்யும்.

மேனேஜர் இரண்டு முறை இன்ஜினியரை வரவழைத்தார். இங்கேதான் எங்கள் ஊர்ப் பழக்கம் எங்கள் காலை வாரியது. பெரிய ஆள் வருகிறார் என்றால் நாங்கள் வேலையை நிறுத்திவிட்டு எழுந்து நிற்போம். இன்ஜினியர் கார் கேட்டுக்குள் நுழைந்ததும் மேனேஜர் உத்தரவு போடுவார்: "யாரும் மெஷினைத் தொடாதீங்க." நான் எடை மேடைச் சங்கிலியைப் போட்டுவிட்டுக் கை கட்டி நிற்பேன். கெமிஸ்ட் லேப் வாசலில் வந்து நிற்பார். இன்ஜினியர் டாஸ் ஃபிளாப்பி ஒன்றைப் போட்டு மெஷினுக்குள் செருகியிருக்கும் சர்க்யூட் அட்டைகளை ஒவ்வொன்றாகச் சோதிப்பார். எல்லாம் சரி என்று வரும். வராமல் எப்படி இருக்கும். டீ குடிப்பார். "மெஷின் பர்ஃபெக்ட். ஆளைப் பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போவார்.

மேனேஜர் ஆளைப் பார்த்தார். என் உள்ளங்கையைப் பார்த்தார்.

"கூட்டம் இல்லாத நாள்ல தப்பு வர்றதில்ல. கூட்டத்துல மட்டும்தான் வருது. கூட்டத்துல எவன்டா கை வைப்பான்? கையில எழுதி எழுதி எடையை மாத்திட்டு மெஷின் மேல பழி போடறியா?"

அன்றைக்கு மேடையில் நின்றது காரிமங்கலம் பக்கத்திலிருந்து வந்த டிராக்டர். வண்டி ஓட்டி வந்தது என் சொந்தத் தாய்மாமன். அவர் சீட்டிலும் எடை குறைந்திருந்தது. ஐம்பது அறுபது பேர் சுற்றி நின்றார்கள், எல்லாரும் எங்கள் பக்கத்து ஊர்க்காரர்கள். மாமா சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்க்காமல் சொன்னார்: "எங்க வூட்டுப் புள்ளையே எங்க காயைத் திருடறான்னா, நாங்க யாரைப் போயி கேக்கறதுங்க."

பதினொன்றேகாலுக்கு என்னை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். ஏசி அறைக் கண்ணாடிக்குப் பின்னால் அவர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துத் தலையை லேசாக ஆட்டினார். ஆறுதல் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். முட்டாள் நான்.

ஊரில் என் பெயர் எடைத் திருடன். டீக்கடையில் நான் உட்கார்ந்தால் பேச்சு நிற்கும். அம்மா தண்ணிக் குழாய்க்குப் போவதை விட்டுவிட்டாள். தினம் படுக்கையில் புரண்டு மேனேஜரை எப்படியெல்லாம் செய்யலாம் என்று யோசிப்பேன். அவர் ஸ்கூட்டரைக் கொளுத்துவது வரைக்கும் போயிருக்கிறேன். இன்ஜினியரின் டையைப் பிடித்து இழுத்து, மாங்காய்க் கழிவுக் குழியில் தள்ளி, மேலே கொட்டையைக் கொட்டுவேன். யோசனையில்தான். ஆனால் வாய் நிறைய உமிழ்நீர் ஊறும்.

என் இடத்தில் மேனேஜர் தன் மச்சினனை உட்கார வைத்தார். மச்சினனுக்கும் மெஷின் நின்றது. என்னைவிட அதிகமாக நின்றது. தோட்டக்காரர்கள் லோடை வேறு ஃபேக்டரிக்குத் திருப்ப ஆரம்பித்தார்கள். விஷயம் பெங்களூரில் இருந்த முதலாளி காதுக்குப் போனது.

எனக்கு ஒரு கார்டு வந்தது. அக்காவின் கையெழுத்து, நீல மை. 'செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு எடை மேடைக்கு வரவும். முதலாளி வருகிறார். சட்டையை இஸ்திரி போட்டுக்கொள்ளவும்.'

போனேன். என்னை கேட்டுக்குள் விடச் சொல்லி வாட்ச்மேனிடம் முதலாளி பெயரையே சொல்லி வைத்திருந்தார். இன்ஜினியர் வந்து வழக்கப்படி ஃபிளாப்பி போட்டு, வழக்கப்படி எல்லாம் சரி என்றிருக்கிறார். முதலாளி பாதி கன்னடத்தில், "ஹாகாதரே, அப்படின்னா ஏன் நிக்குது?" என்றிருக்கிறார். அப்போது இவர், "சார், ஒரு நிமிஷங்க" என்று நடுவில் புகுந்திருக்கிறார். இது கெமிஸ்ட் பிறகு எனக்குச் சொன்னது. நான் எடை மேடையில் மச்சினனை எழுப்பிவிட்டு உட்கார்ந்திருந்தேன். இன்டர்காம் அடித்தது.

"தம்பி, வண்டியை ஏத்தாதீங்க. சும்மா எண்ணை அடிச்சுக்கிட்டே இருங்க. லேப்லயும் அடிக்கச் சொல்லியிருக்கேன். நிறுத்தாதீங்க."

அடித்தேன். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.

"நின்னுடுச்சுக்கா."

"எழுந்து இங்க வாங்க."

நான் ஓடினேன். அறைக்குள் நுழையும்போது அவர் முதலாளியிடம் பேசிக்கொண்டிருந்தார். "இன்ஜினியர் சார் வர்றப்போ எல்லாரையும் எழுந்திரிக்கச் சொல்றாங்க. கேட்டை நிறுத்தறாங்க, லேபை நிறுத்தறாங்க. அப்புறம் ஒத்தையா உக்காந்து பாத்தா மெஷின் நல்லாத்தானுங்க இருக்கும். ரெண்டு பேரு சேந்து வேலை செஞ்சாத்தான் நிக்குது. லாக்ல இருக்குதுங்க."

லாக் புக்கைத் திறந்து படிக்க ஆரம்பித்தார். டயம், யார் எங்கே அடித்துக்கொண்டிருந்தார், எது நின்றது. இடையிடையே மேனேஜர் சொன்னது, இன்ஜினியர் சொன்னது. 'பொம்பளைங்க கையில கொடுத்தா இப்படித்தான் என்றார்.' 'டைப் அடிச்சுக்கிட்டு இருந்ததுக்கு ஏசி கேக்குதா என்றார்.' ஒரே குரலில், நியூஸ் வாசிக்கிற மாதிரி.

மேனேஜர் நெளிந்தார். "அதெல்லாம் எதுக்கும்மா இப்போ."

"லாக்குங்க சார். நடுவுல விட்டுப் படிச்சா புரியாது."

முதலாளி முகத்தில் எதுவும் தெரியவில்லை. "முழுசாப் படிம்மா" என்றார். இன்னும் படி, இன்னும் படி என்று மனசுக்குள் கத்தினேன்.

படித்து முடித்ததும் மெஷினை நிறுத்திவிட்டு மறுபடி போட்டார். சிஸ்டம் எழும்போது எந்த அட்டைக்கு எந்த எண் என்று திரையில் வரிசையாக வரும். நாங்கள் எல்லாரும் தினம் பார்த்ததுதான், யாரும் படித்ததில்லை. அக்கா திரை மேல் விரலை வைத்தார்.

"இங்க மூணு. இது லேப் டெர்மினல் வர்ற அட்டை. இங்கயும் மூணு. இது கேட்." முதலாளி பக்கம் திரும்பினார். "நம்ம ஆபீஸ்ல மேனேஜர் ரூமுக்கும் ஸ்டோருக்கும் ஒரே மணின்னு வைங்க. ரெண்டு பேரும் ஒரே நேரத்துல அடிச்சா பியூன் யாருகிட்டப் போவாரு? ஒருத்தரு காத்துக்கிட்டே கெடப்பாரு. மெஷினுக்குள்ள ஒவ்வொரு அட்டையும் கூப்பிடறதுக்கு ஒரு இன்டரப்ட் நம்பர் இருக்குதுங்க. ரெண்டுக்கும் ஒரே நம்பர் போட்டுப் பூட்டியிருக்காங்க. சாரோட ஃபிளாப்பி ஒவ்வொரு அட்டையாத்தான் பாக்குது. அதுக்குத் தெரியாது."

இன்ஜினியர் கர்சீப்பை எடுத்தார். "இதை எப்போ பாத்தீங்க?" என்றார்.

"பாத்தப்போ பாத்தேனுங்க."

அந்தப் பதிலை நான் அப்போது கவனிக்கவில்லை. கவனித்திருக்க வேண்டும்.

"நீங்க வச்ச ஜம்பருங்க சார். நீங்களே மாத்துங்க" என்று ஸ்குரூடிரைவரை நீட்டினார். இன்ஜினியர் மூடியைக் கழற்றி கேட் அட்டையை வெளியே எடுத்தார். ஜம்பர் என்பது அரிசியளவு கறுப்பு மூடி. இரண்டு ஊசியில் மாட்டியிருக்கும். எந்த ஊசியில் மாட்டுகிறோமோ அந்த எண். கை தவறி அது கீழே விழுந்து மேஜைக்கு அடியில் போய்விட்டது. டை கட்டிய மனுஷன், முதலாளி முன்னால், வெறுங்காலோடு மண்டி போட்டுத் தரையைத் தடவினார். அக்கா குனிந்து டார்ச் அடித்துக் காட்டினார்.

"மெதுவாத் தேடுங்க சார். இது மிக்ஸி இல்லீங்க."

யாரும் சிரிக்கவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது, உதட்டைக் கடித்துக்கொண்டேன். இன்றைக்கும் அந்தக் காட்சியை நினைத்தால் ஒரு வாய் சோறு கூடுதலாக இறங்கும். அட்டையில் மாற்றி, சிஸ்டத்துக்கும் புது எண்ணைச் சொல்லி மறுபடி எழுப்பினார்கள். திரையில் ஓரிடத்தில் மூணு, இன்னோரிடத்தில் அஞ்சு. நானும் கெமிஸ்டும் ஒரு மணி நேரம் விடாமல் அடித்தோம். நிற்கவில்லை.

மேனேஜரை அடுத்த மாதமே குடோனுக்கு மாற்றினார்கள். என்னை எடை மேடையில் உட்கார வைத்தார்கள். மாமா வந்து ஐம்பது பேர் முன்னால், "தப்பாப் பேசிட்டன்டா" என்றார். ஒரு வருஷம் அவரோடு நான் பேசவில்லை. அக்காவிடமிருந்து இதைத்தான் கற்றேன் போலிருக்கிறது. ஒரு கூடை நல்ல பழம் எடுத்துக்கொண்டு பாப்பாரப்பட்டிக்குப் போய் அவர் வூட்டுப் படியில் வைத்தேன். "நீங்க என் மானத்தைக் காப்பாத்தினீங்கக்கா" என்றேன். அவர் கூடையை வாங்கிக்கொண்டு, "சரிங்க தம்பி" என்றார். அவ்வளவுதான்.

அடுத்த சீசனுக்கு முன்னால் கல்யாணமாகி பெங்களூர் போய்விட்டார். நானும் டிரெயினிங் முடித்திருந்தேன். கம்ப்யூட்டர் அறையை என்னிடம் ஒப்படைத்தார்கள். லாக் புக்கும் வந்தது. மழைக்காலம், லோடு இல்லை, வேலை இல்லை. முதல் பக்கத்திலிருந்து படித்தேன்.

'காலை 9.30. இன்ஜினியர், இது மிக்ஸி இல்லை என்றார். மேனேஜர் சிரித்தார். கேட் கிளார்க் சிரித்தார்.'

சிரித்தேன்தான். மேனேஜர் சிரித்தார், அவருக்குத் துணையாக நானும் சிரித்துவைத்தேன். பல் தெரிய அரை நொடி. நான் மறந்தே போயிருந்தேன். முதலாளி முன்னால் முழுசாகப் படித்தவர் இந்தக் கடைசி மூன்று சொல்லைப் படிக்காமல் விட்டிருக்கிறார்.

புரட்டினேன். மே மாதத்தில், என்னை நிறுத்துவதற்குப் பத்தொன்பது நாளைக்கு முன்னால், ஒரு வரி: 'சிஸ்டம் எழும்போது 3 இரண்டு முறை வருகிறது. மேனுவலில் பார்த்தேன். காரணம் இதுதான். இப்போது சொல்ல வேண்டியதில்லை.' இந்த வரியையும் முதலாளி முன்னால் அவர் படிக்கவில்லை.

பத்தொன்பது நாள். அந்தப் பத்தொன்பது நாளும் நான் உள்ளங்கையில் எழுதி எழுதித் தேய்த்தேன். தினம் மத்தியானம் என்னோடு உட்கார்ந்து எலுமிச்சை சாதம் சாப்பிட்டார். "பாவம் தம்பி நீங்க" என்றுகூட ஒருநாள் சொன்னார்.

சிவப்புப் பேனா எதற்கு என்று அப்போது தெரிந்தது. பழைய வரிகள் மேல் சின்னச் சின்ன டிக். தீர்ந்தவற்றுக்கு. இன்ஜினியர் வரிக்குச் சிவப்பு டிக், பக்கத்தில் அந்தச் செவ்வாய்க்கிழமைத் தேதி. மேனேஜர் வரிக்கும் அதே தேதி. 'கேட் கிளார்க் சிரித்தார்' என்பதற்கும் டிக் இருந்தது. தேதி மட்டும் வேறு. என் மாமா பேசிய நாள். நேரம் 11.15.

என் கணக்கு அன்றைக்கே தீர்ந்துவிட்டது. தீர்ந்த பிறகு என்னிடம் அவருக்குப் பாக்கி எதுவும் இல்லை; அதனால்தான் கார்டு போட்டு, சட்டையை இஸ்திரி போடச் சொல்லி, என் மானத்தைத் திருப்பிக் கொடுத்தார். கண்ணாடிக்குப் பின்னால் தலையை ஆட்டினாரே, அது ஆறுதல் இல்லை. சரி பார்த்துக்கொண்டார்.

நோட்டு முழுக்கத் தேடினேன். ஓரிடத்திலும் என் பெயர் இல்லை. கேட் கிளார்க், கேட் கிளார்க், கேட் கிளார்க். தினம் 'தம்பி' என்று கூப்பிட்ட ஆள்.

இரண்டு வருஷம் கழித்து அவரிடமிருந்து கடிதம் வந்தது. பெங்களூரில் பெரிய கம்ப்யூட்டர் கம்பெனி ஒன்றில் வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். அந்த இன்டரப்ட் கோளாறைத் தானே கண்டுபிடித்ததாகச் சொன்னதை நம்ப மாட்டேன் என்கிறார்கள். ஃபேக்டரி லெட்டர்ஹெட்டில், கம்ப்யூட்டர் பொறுப்பாளர் என்ற முறையில், நான் ஒரு கடிதம் கொடுக்க வேண்டும். 'இந்த வேலை எனக்கு மிகவும் தேவை தம்பி' என்று எழுதியிருந்தார். 'தேவை' என்ற சொல்லை அவர் வாயில் நான் கேட்டதே இல்லை.

அன்றைக்கே டைப் அடித்தேன். 'எங்கள் ஃபேக்டரியில் பணிபுரிந்த ஒரு பெண் ஆபரேட்டர், இன்ஜினியராலும் கண்டுபிடிக்க முடியாத கோளாறைத் தானே கண்டுபிடித்தார் என்று சான்றளிக்கிறேன்.' ஒவ்வொரு சொல்லும் நிஜம். சீல் குத்தினேன், கையெழுத்துப் போட்டேன். பெயர் மட்டும் எங்கேயும் இல்லை. ஆபரேட்டர், அவ்வளவுதான். தபால் பெட்டியில் போட்டுவிட்டுத் திரும்பி நடந்தபோது நான் விசிலடித்துக்கொண்டு வந்தேன்.

பத்து நாளில் ஒரு கார்டு வந்தது. வேலை கிடைத்ததா இல்லையா என்று அதில் இல்லை. ஒரே ஒரு வரி, நீல மையில்.

'கடிதம் கிடைத்தது. குறித்துக்கொண்டேன்.'

அதற்குப் பிறகு அவரிடமிருந்து ஒரு சேதியும் இல்லை. எனக்குப் பிள்ளைகள் பிறந்து, பேரப்பிள்ளையும் வந்துவிட்டது. வாசலில் தபால்காரர் சைக்கிள் மணி அடித்தால் நான் இன்னும் முதலில் பார்ப்பது மையின் நிறத்தைத்தான்.